பிஎச்.டி. நடுவில் ஜி.எஸ்.ஓ. பதவி: ஏற்கலாமா, வேண்டாமா?

கேள்வி: நான் மதுரைக்காரி. அமெரிக்காவில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் வேதியியலில் பிஎச்.டி. செய்கிறேன். இரண்டாம் ஆண்டு முடியப்போகிறது. எங்கள் துறையில் ஆராய்ச்சி மாணவர்களுக்கென்று ஒரு 'கிராஜுவேட் ஸ்டூடன்ட் ஆர்கனைசேஷன்' (ஜி.எஸ்.ஓ.) உண்டு. அடுத்த ஆண்டுக்கு என்னைப் பொருளாளராக இருக்கச் சொல்கிறார்கள். என் ஆய்வு வழிகாட்டியான அட்வைசரிடம் மெதுவாகச் சொன்னேன், முகம் சுருங்கிவிட்டது. "படிக்கப் போன இடத்தில் சங்கம் எதுக்கும்மா?" என்கிறார் அப்பா. நவம்பரில் எனக்கு கேன்டிடசி தேர்வு வேறு இருக்கிறது, அதில் தேறினால்தான் பிஎச்.டி.யைத் தொடர முடியும். இதனால் விசாவுக்குச் சிக்கல் வருமா? எனக்கு உண்மையிலேயே ஏதாவது பயன் உண்டா?

பதில்: ஏற்றுக்கொள்ளுங்கள். ஆனால் நவம்பர் வரை தனியாக வேண்டாம். இன்னொருவரையும் சேர்த்து இணைப் பொருளாளர்களாக இருக்கிறோம் என்று கேளுங்கள். ஆள் கிடைக்காமல் தவிக்கிற சங்கம்தான் அது, மறுக்க மாட்டார்கள்.

அப்பாவின் பயம் புரிகிறது. நம் ஊரில் மாணவர் பேரவை என்றாலே தேர்தல், போஸ்டர், கட்சி, இரண்டு கோஷ்டி என்றுதான் நினைவுக்கு வரும். நீங்கள் சொல்கிற ஜி.எஸ்.ஓ. அந்த ரகமல்ல. துறைக்குள் நாற்பது, ஐம்பது பேர் கூடி நடத்துகிற சிறு குழு அது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் காபி, பீட்சா, புதிதாக வருகிறவர்களுக்கு ஊர் சுற்றிக் காட்டுவது, தேர்வுக்கு முன் மாதிரித் தேர்வு, துறைத் தலைவரோடு செமஸ்டருக்கு ஒரு சந்திப்பு. பெரும்பாலும் இவ்வளவுதான்.

இதை வேறு இரண்டு அமைப்புகளோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ஒன்று, பல்கலைக்கழகம் முழுமைக்குமான முதுநிலை மாணவர் மன்றம். எம்.ஐ.டி.யில் 'கிராஜுவேட் ஸ்டூடன்ட் கவுன்சில்' என்று ஒன்று இருக்கிறதே, அந்த மாதிரி. மற்றொன்று தொழிற்சங்கம். மேடிசனில் விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆசிரிய உதவியாளர்கள் 1966-லேயே சங்கம் தொடங்கிவிட்டார்கள். தனியார் பல்கலைக்கழகங்களில் பாடம் நடத்தும் ஆராய்ச்சி மாணவர்களும் ஊழியர்களே என்று தேசியத் தொழிலாளர் உறவு வாரியம் 2016-ல் கொலம்பியா பல்கலைக்கழக வழக்கில் சொன்னது. 2022 நவம்பரில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் சுமார் 48,000 கல்விப் பணியாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஸ்டைபெண்ட் (உதவித்தொகை), வேலை நேரம், மருத்துவக் காப்பீடு என்று நிர்வாகத்தோடு சட்டப்படி பேரம் பேசுவது தொழிற்சங்கத்தின் வேலை. உங்கள் ஜி.எஸ்.ஓ.வுக்கு அந்த அதிகாரம் கிடையாது. யாராவது வந்து "நம்ம ஸ்டைபெண்டை ஏத்தச் சொல்லு" என்றால் துறைத் தலைவர் காதில் போட்டுவைக்கலாம், அதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியாது.

சரி, பிறகு இதனால் என்ன பயன்?

பிஎச்.டி.க்குத் தேவையான விஷயங்களில் பாதி எங்கேயும் எழுதிவைக்கப்பட்டிருக்காது. எந்தப் பேராசிரியர் கமிட்டியில் இருந்தால் தேர்வு மூன்று மணி நேரம் இழுக்கும், எந்த லேபில் ஐந்தாம் ஆண்டு தாண்டியும் ஆளை விடமாட்டார்கள், மாநாட்டுக்குப் பயண நிதி எந்த மாதம் கேட்டால் கிடைக்கும் என்பதெல்லாம் கையேட்டில் இருக்காது, சீனியர்களின் தலைக்குள் இருக்கும். அவர்கள் டிஃபென்ஸ் என்கிற இறுதி வாய்மொழித் தேர்வை முடித்துப் போகும்போது அதுவும் கூடவே போய்விடும். ஒரு நல்ல ஜி.எஸ்.ஓ. செய்வது அதைக் கைமாற்றிவிடுகிற வேலைதான். பீட்சாவெல்லாம் அதற்கு ஒரு சாக்கு.

என் அனுபவத்தைச் சொல்கிறேன். நான் படித்த துறையில் கேன்டிடசி தேர்வுக்கு இரண்டு வாரம் முன்பு ஜி.எஸ்.ஓ. ஒரு மாதிரித் தேர்வு நடத்தும். ஜன்னல் இல்லாத ஒரு செமினார் அறை, கமிட்டி மாதிரி எதிரே மூன்று சீனியர்கள். நான் போர்டில் ஒரு வேதிவினை படிப்படியாக நடக்கும் வழியை எழுதினேன். ஈரானிலிருந்து வந்திருந்த ஐந்தாம் ஆண்டு மாணவர் ஒருவர், "ஏன்?" என்றார். சொன்னேன். "அது ஏன்?" என்றார். அதையும் சொன்னேன். மூன்றாவது 'ஏன்' வந்ததும் வாய் அடைத்துவிட்டது. நம்மிடம் ஊறிப்போன பழக்கத்தில் "சாரி, படித்துவிட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லித் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் எழுந்து வந்து மார்க்கரை என் கையில் திரும்பக் கொடுத்தார். "உனக்குத் தெரிந்தது எதுவரைக்கும் என்று போர்டில் ஒரு கோடு போடு. அதற்கு அப்பால் என்ன இருக்கலாம், அதை எப்படிச் சோதித்துப் பார்ப்பாய், அதைச் சொல். பதில் தெரியுமா என்பதைப் பார்க்க அவர்கள் உட்கார்ந்திருக்கவில்லை, தெரியாத இடத்தில் நீ என்ன செய்கிறாய் என்று பார்க்கத்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்" என்றார். நான்கு ஆண்டுப் பாடங்களில் எந்தப் பேராசிரியரும் எனக்கு இதைச் சொன்னதில்லை.

அதனால் பொருளாளர் ஆனாலும் ஆகாவிட்டாலும், வருகிற அக்டோபரில் உங்களுக்கு ஒரு மாதிரித் தேர்வு வைக்கச் சொல்லிக் கேளுங்கள். உங்கள் சங்கத்தில் அந்த வழக்கம் இல்லையென்றால் நீங்களே தொடங்குங்கள். மூன்று சீனியர்கள், ஓர் அறை, ஒரு மார்க்கர், இரண்டு மணி நேரம், அவ்வளவுதான் செலவு.

அடுத்தது விசா. சம்பளம் இல்லாத மாணவர் சங்கப் பதவியால் எஃப்-1 என்கிற மாணவர் விசாவுக்கு எந்தப் பிரச்சினையும் இல்லை. சிக்கல் வருவது பதவிக்குப் பணம் கொடுக்கும்போதுதான். சில இடங்களில், குறிப்பாகப் பல்கலைக்கழக அளவிலான மன்றங்களில், தலைவர், பொருளாளருக்கு ஒரு தொகை தருவார்கள். அது வளாக வேலையாகக் கருதப்படலாம். வகுப்புகள் நடக்கும் காலத்தில் எஃப்-1 மாணவர் வளாகத்தில் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. உங்கள் டி.ஏ. (ஆசிரிய உதவியாளர்) அல்லது ஆர்.ஏ. (ஆராய்ச்சி உதவியாளர்) பணியே பெரும்பாலும் அந்த 20 மணியைத் தின்றுவிட்டிருக்கும். ஆகவே யாராவது "சின்னதா ஒரு ஸ்டைபெண்டும் உண்டு" என்று சொன்னால், சந்தோஷப்படுவதற்கு முன் சர்வதேச மாணவர் அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பொருளாளர் வேலையில் எனக்குப் பிடித்தது, அதற்கு ஓர் எல்லை உண்டு என்பது. தலைவர் பதவிக்கு அது கிடையாது, எவருக்கு என்ன மனக்குறை வந்தாலும் இரவு பத்து மணிக்குத் தலைவருக்குத்தான் மெசேஜ் வரும். சோஷியல் சேர் என்கிற பதவி இன்னும் மோசம், வாராவாரம் ஏதாவது ஒன்றை நடத்தியாக வேண்டும். கணக்கு வேலை அப்படியல்ல. ஆகஸ்ட், செப்டம்பரில் புது மாணவர் வரும்போதும், மார்ச்சில் சேர்க்கை கிடைத்தவர்கள் துறையைப் பார்க்க வரும்போதும்தான் நெரிசல். பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் அவர்கள் ஏப்ரல் 15-க்குள் முடிவு சொல்ல வேண்டும், அதனால் மார்ச் முழுக்க ஹோட்டல், டாக்சி, விருந்து என்று ரசீது குவியும். மற்ற மாதங்களில் வாரம் இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

பணத்தில் மட்டும் சில விஷயங்களில் கறாராக இருங்கள். முதலில், சங்கத்தின் பணம் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். பல்கலைக்கழகத்தின் கணக்குக்குள் இருந்தால் பாதித் தலைவலி இல்லை. வெளியே தனி பேங்க் கணக்கு என்றால், அதற்கு வரித்துறை கொடுத்த ஓர் ஈ.ஐ.என். எண் இருக்கும், அந்த எண்ணுக்குப் பொறுப்பாளராக ஒரு தனி ஆளின் பெயர் இருக்கும். ஐந்து வருடம் முன்பு போனவர் பெயர் இன்னமும் அதில் இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். பொறுப்பாளர் மாறினால் 60 நாளுக்குள் 8822-பி என்ற படிவத்தில் தெரிவிக்க வேண்டும். வரிவிலக்கு பெற்ற சிறு அமைப்பு என்றால் ஆண்டுதோறும் 990-என் என்ற மின்-அஞ்சலட்டையைத் தாக்கல் செய்ய வேண்டும். பத்து நிமிட வேலைதான். ஆனால் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் விட்டுவிட்டால் வரிவிலக்கு தானாகவே போய்விடும். மாணவர் சங்கங்களில் ஆள் மாறிக்கொண்டே இருப்பதால் இதுதான் முதலில் மறந்துபோகும்.

பணம் அனுப்புகிற செயலிகளான உங்கள் சொந்த வென்மோவிலோ ஸெல்லிலோ சங்கத்துக்கான பணத்தை வாங்காதீர்கள். பத்து டாலர் டி-ஷர்ட் காசாக இருந்தாலும் வேண்டாம். உங்கள் சொந்த கிரெடிட் கார்டில் பெரிய செலவையும் செய்யாதீர்கள். நான் ஒருமுறை புது மாணவர் பிக்னிக்குக்கு 400 டாலருக்கு மேல் கார்டில் தேய்த்தேன். ரீஇம்பர்ஸ்மென்ட் வர பதினொரு வாரம் ஆனது. காரணம் இரண்டு. வந்தவர்களின் பெயர்ப் பட்டியலை நான் வாங்கிவைக்கவில்லை. அப்புறம், பல்கலைக்கழகத்துக்கு விற்பனை வரி விலக்கு உண்டாம், அந்தச் சான்றிதழைக் கடையில் காட்டாமல் நான் வரியோடு கட்டிவிட்டேன், அதைத் திருப்பித் தரமாட்டார்களாம். அந்த மாதம் கார்டு வட்டியும் என் தலையில்தான் விழுந்தது. துறை அலுவலகத்தில் கணக்கு பார்க்கும் அம்மா ஒருவர் இருப்பார். முதல் வாரமே அவரைப் போய்ப் பாருங்கள், என்ன ரசீது வேண்டும், யார் கார்டில் வாங்கலாம் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அட்வைசருக்கு அடுத்தபடியாக நீங்கள் நல்ல பெயர் வாங்க வேண்டியது அவரிடம்தான்.

மாணவர் கட்டணத்திலிருந்து பணம் வருகிறது என்றால் இன்னொன்று. அரசுப் பல்கலைக்கழகங்களில் அந்தப் பணத்தைப் பிரித்துக் கொடுக்கும்போது, கேட்பவர்களின் கருத்தைப் பார்த்துக் கொடுப்பது, மறுப்பது கூடாது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் சவுத்வொர்த் வழக்கில் 2000-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது இது. துறை அளவில் இந்தச் சிக்கல் அபூர்வம்தான், இருந்தாலும் தெரிந்திருப்பது நல்லது.

சமூக வாழ்க்கை பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். இந்திய மாணவர் சங்கம் இருக்கும், பக்கத்து ஊரில் பொங்கல் விழா நடத்தும் தமிழ்ச் சங்கமும் இருக்கும். அங்கே போங்கள், போகாமல் இருக்காதீர்கள். ஆனால் லேபில் அடுத்த மேசையில் இருக்கிற கொரியப் பையனும் அயோவாவில் பிறந்து வளர்ந்த பெண்ணும் அங்கே வரமாட்டார்கள். அவர்களோடு பேசக் கிடைக்கும் இடம் ஜி.எஸ்.ஓ.தான். நவம்பர் நான்காவது வியாழன் தாங்க்ஸ்கிவிங், வளாகம் வெறிச்சோடிவிடும், வெளிநாட்டு மாணவர்கள் மட்டும் அறையில் முடங்கிக் கிடப்பார்கள். எங்கள் சங்கம் அன்று ஒரு பாட்லக் வைக்கும், ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் விருந்து அது. முதல் வருடம் நான் பெரிய டிரே நிறைய எலுமிச்சைச் சாதம் கொண்டுபோனேன், கடுகு, கறிவேப்பிலை, வறுத்த நிலக்கடலை எல்லாம் போட்டு. டிரேயை மேசையில் வைப்பதற்குள் ஒருவர் ஓடிவந்து, "இதில் என்னென்ன இருக்கிறது?" என்று கேட்டு ஒரு சீட்டில் எழுதி முன்னால் ஒட்டினார். ஒருவருக்கு நிலக்கடலை ஒத்துக்கொள்ளாது, மூச்சு அடைத்துவிடும் என்பது அப்போதுதான் தெரிந்தது. அடுத்த வருடத்திலிருந்து கடலையைத் தனிக் கிண்ணத்தில் கொண்டுபோனேன்.

இந்த மாதிரிப் பழக்கத்தில் சிலர் உங்களிடம் மனம் விட்டுப் பேச வருவார்கள். கேளுங்கள், ஆனால் கவுன்சிலர் ஆகிவிடாதீர்கள். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 988-ஐக் கொடுங்கள், கூடவே இருங்கள். அட்வைசரோடு தகராறு என்றால் நடுநிலையாக நின்று குறைகேட்கும் ஆம்புட்ஸ் அலுவலகம் இருக்கிறதா பாருங்கள், அங்கே ரகசியமாகப் பேசலாம். நீங்கள் டி.ஏ.வாக இருந்தால் இன்னொன்றையும் விசாரித்துவையுங்கள். பாலியல் தொல்லை பற்றிக் காதில் விழுந்தால் மேலே தெரிவித்தே ஆக வேண்டும் என்று பல பல்கலைக்கழகங்கள் டி.ஏ.க்களையும் கட்டுப்படுத்துகின்றன. "யாருக்கும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுத்த பிறகு அது தெரியவந்தால் தர்மசங்கடம்.

அட்வைசரிடம் எப்படிச் சொல்வது? "போகட்டுமா சார்" என்ற தொனி வேண்டாம். அந்தக் கேள்விக்குச் சுலபமான பதில் 'வேண்டாம்'. தேர்வு நவம்பரில், அதுவரை இணைப் பொருளாளர் பெரும்பகுதியைப் பார்த்துக்கொள்வார், எனக்கு வாரம் இரண்டு மணி நேரம், லேபுக்கு வரும் நேரம் மாறாது என்று விவரத்தோடு சொல்லுங்கள். பெரும்பாலானோர் இதற்குத் தலையாட்டிவிடுவார்கள். அதன் பிறகும் கடுகடுத்தால், தேர்வு முடியும்வரை தள்ளிப்போடுங்கள். உங்கள் ஆய்வேட்டில் கையெழுத்துப் போடப்போகிறவர் அவர்தான், ஒரு பதவிக்காக அந்த உறவைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பேராசிரியர் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது இந்தப் பதவிக்கு மதிப்பு மிகக் குறைவு என்பதையும் சொல்லிவிடுகிறேன். கம்பெனி நேர்காணலில் பேச ஓர் உதாரணம் கிடைக்கும், அவ்வளவே.

ஏற்பதாக முடிவு செய்தால், இப்போதைய பொருளாளர் ஊரை விட்டுப் போவதற்குள் ஒரு சனிக்கிழமை அவரைப் பிடித்து உட்கார வையுங்கள். கடவுச்சொற்கள், போன வருடக் கணக்கு, ஈ.ஐ.என். கடிதம் எல்லாவற்றையும் வாங்குங்கள். பேங்கில் கையெழுத்து மாற்ற இருவரும் சேர்ந்தே போங்கள். நான் பதவிக்கு வந்தபோது முந்தைய பொருளாளர் வேலை கிடைத்து இரண்டு மாநிலம் தள்ளிப் போயிருந்தார். அவர் நேரில் வராமல் பெயரை மாற்ற முடியாது என்று பேங்கில் சொல்லிவிட்டார்கள். அவருக்கு லீவு கிடைத்தது தாங்க்ஸ்கிவிங் வாரத்தில்தான். புதன்கிழமை பேங்குக்கு வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு, மறுநாள் பாட்லக்கிலும் ஒரு தட்டோடு உட்கார்ந்திருந்தார். அதுவரை மூன்று மாதம் எங்கள் துறையில் பீட்சாவே கிடையாது.