எதிர்மறை ஆகாத பல்லுறுப்புக் கோவை எல்லாமே வர்க்கங்களின் கூடுதல்தானா?

இல்லை. சமபடித்தான கோவைகளில், அதாவது எல்லா உறுப்புகளும் ஒரே படியில் உள்ளவற்றில், மூன்று வகைக்கு மட்டுமே அது எப்போதும் நடக்கும்: இரண்டு மாறிகள் உள்ளவை, படி 2 ஆனவை, மூன்று மாறிகளோடு படி 4 ஆனவை. மற்ற எல்லா வகையிலும் விதிவிலக்கு உண்டு என்று கணித மேதை ஹில்பெர்ட் 1888-லேயே நிறுவிவிட்டார். ஆனால் கண்ணால் பார்க்க ஓர் எளிய உதாரணம் 1967-ல்தான் வந்தது, கணிதவியலாளர் மோட்ஸ்கின் தந்தது:

க⁴ச² + க²ச⁴ + ட⁶ − 3க²ச²ட²

முதல் மூன்று உறுப்புகளின் பெருக்கல் க⁶ச⁶ட⁶, அதன் கனமூலம் க²ச²ட². கூட்டுச் சராசரி பெருக்குச் சராசரிக்குக் குறையாது, அதனால் இது எதிர்மறை ஆகாது. சரி, வர்க்கங்களாகப் பிரித்துப் பார்ப்போம். க⁶, ச⁶ இங்கே இல்லை. எனவே வர்க்கமாகும் கோவைகளில் க³, ச³ வராது. அடுத்து க⁴ட², ச⁴ட² இல்லாததால் க²ட, ச²ட போகும். அப்புறம் கட², சட²-உம் அதேபோல் போகும். மிஞ்சுவது க²ச, கச², கசட, ட³. இவற்றிலிருந்து க²ச²ட² கிடைக்க ஒரே வழி கசட-வின் வர்க்கம். அப்படியானால் அதன் கெழு எதிர்மறையாக முடியாது, இங்கேயோ −3! எனக்கு மிகப் பிடித்த வாதம் இது.

வர்க்கமாகும் கோவைகளுக்குப் பதில் கோவைகளின் பின்னங்களை அனுமதித்தால் எப்போதும் முடியும். ஹில்பெர்ட் தொகுத்த புகழ்பெற்ற கணிதக் கேள்விகளில் 17-வதான இதை 1927-ல் கணிதவியலாளர் ஆர்ட்டின் தீர்த்தார். மேலுள்ள கோவையையே க² + ச² + ட² ஆல் பெருக்கினால் வர்க்கங்களின் கூடுதலாகிவிடும்; அதனாலேயே திரும்ப வகுத்தால் பின்னங்களின் வர்க்கங்களாக எழுதிவிடலாம்.