உழவரிடம் நேரடியாக வாங்குவது எப்படி? வாசகர் கேள்விகளும் பதில்களும்

உழவர் சந்தையில் உட்கார்ந்திருப்பவர் உண்மையிலேயே விவசாயிதானா, வாங்கி விற்பவரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (மதுரை வாசகி)

முதல் உழவர் சந்தை உங்கள் ஊர் அண்ணா நகரில்தான் 1999 நவம்பரில் தொடங்கியது. விவசாயிகளுக்கு அடையாள அட்டை உண்டு, கேட்டால் காட்டுவார்கள். அதைவிட எளிய வழி, கடையைப் பார்ப்பது. தோட்டக்காரரிடம் பெரும்பாலும் இரண்டு மூன்று காய்தான் இருக்கும், அதுவும் பெரிசும் சிறிசுமாகக் கலந்து. பதினைந்து வகைக் காய் ஒரே அளவில் அடுக்கியிருந்தால் மண்டிச் சரக்காக இருக்கலாம். "எப்போ பறிச்சீங்க, இன்னும் எத்தனை பறிப்பு வரும்?" என்று கேளுங்கள். விளைவித்தவர் யோசிக்காமல் சொல்வார். அப்புறம், பலகையில் எழுதியிருக்கும் விலை சில்லறைக் கடையைவிடக் குறைவாகத்தான் வைக்கப்படுகிறது. அதற்கும் கீழே பேரம் பேச வேண்டாம்.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் 20 குடும்பங்கள் சேர்ந்து ஞாயிறுதோறும் ஒரு விவசாயியிடம் நேரடியாகக் காய்கறி வாங்க நினைக்கிறோம். என்னென்ன கவனிக்க வேண்டும்? (கோவை வாசகர்)

அருமையான முயற்சி, அவசியம் செய்யுங்கள். ஆனால் 'ஞாயிறு மட்டும்' என்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. வெண்டைக்காயை ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறித்தே ஆக வேண்டும். கூட இரண்டு நாள் செடியில் விட்டால் முற்றி நார் ஏறிவிடும். நீங்கள் ஞாயிறன்று வாங்குவது போக, மற்ற நாள் பறித்ததெல்லாம் பழையபடி மண்டிக்குத்தான் போகும். அங்கே கமிஷன், வண்டி வாடகை, இறக்கு கூலி எல்லாம் போக மிஞ்சுவதுதான் அவருக்கு. அதனால் வெண்டை, கத்தரி, கீரையை வாரம் இரண்டு நாளாகப் பிரித்து வாங்குங்கள். பூசணி, சேனை, சின்ன வெங்காயம், தேங்காய் போன்று இருந்து தாங்குபவற்றை ஞாயிறுக்கு வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் இரண்டு மூன்று விவசாயிகளிடம் பேசி வையுங்கள். ஒருவர் தோட்டம் ஓயும்போது இன்னொருவருடையது காய்க்கும்.

விலையைப் பருவம் முழுக்க ஒரே விலையாகப் பேசிக்கொள்வதுதான் என் பரிந்துரை. தக்காளிக்கு 30 ரூபாய் பேசினால், சந்தையில் 10 ரூபாய்க்கு விழும்போதும் நீங்கள் 30 தர வேண்டும். 80-க்கு ஏறும்போதும் அவர் 30-க்குத் தர வேண்டும். விலை விழுந்த வாரத்தில் பாதிக் குடும்பங்கள் நழுவினால் அந்த ஏற்பாடே குலைந்துவிடும், அதை முதல் நாளே எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள்.

பணத்தை அன்றன்றே கொடுங்கள். மாதக் கடைசியில் மொத்தமாகத் தருகிறோம் என்பது நமக்கு வசதி, அவருக்கு இல்லை. பறிக்க வந்த ஆட்களுக்கு அவர் அன்றைக்கே கூலி கொடுத்தாக வேண்டும். காயைக் குவித்து வைத்துப் பொறுக்க விடாமல், முன்கூட்டியே எடை போட்டுப் பைகளில் பிரித்துவிடுங்கள். இல்லாவிட்டால் கடைசியாக வருபவருக்குச் சொத்தைதான் மிஞ்சும், அடுத்த வாரம் அவர் வரமாட்டார்.

இயற்கை விவசாயம் என்கிறார், சான்றிதழ் இல்லை. நம்பலாமா?

சிறு விவசாயி தன் விளைச்சலை நேரடியாக உங்களிடம் விற்கும்போது சான்றிதழ் கட்டாயமில்லை. செலவு குறைந்த பி.ஜி.எஸ். முறையும் இருக்கிறது. அக்கம்பக்கத்து விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் நிலத்தை ஒருவர் பார்த்து உறுதி சொல்வது அது. எதுவானாலும் ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். மாடு இருக்கிறதா, எரு எங்கிருந்து வருகிறது, பூச்சிக்கு என்ன தெளிக்கிறார் என்று கேளுங்கள். காயில் ஓட்டை இருந்தால் மருந்தடிக்காதது என்று மட்டும் முடிவுகட்டாதீர்கள். மருந்தடித்த தோட்டத்திலும் ஓட்டை விழும்.

மரச்செக்குக் கடலை எண்ணெய் ஏன் இவ்வளவு விலை?

ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய இரண்டேகால் முதல் இரண்டரை கிலோ நிலக்கடலைப் பருப்பு வேண்டும். உங்கள் ஊர்ப் பருப்பு விலையால் பெருக்கிப் பாருங்கள், கணக்கு புரிந்துவிடும். புண்ணாக்கு விற்ற காசில் ஆட்டுகூலி ஓரளவு ஈடாகும். பருப்பு விலையைவிட வெகு கீழே எண்ணெய் கிடைத்தால் சந்தேகப்படுங்கள். கடலையை நீங்களே கொண்டுபோனால் ஆட்டித் தருகிற செக்குகள் உண்டு.

கருப்புக் கவுனி வாங்கினேன், வீட்டில் யாரும் தொடவில்லை. பாரம்பரிய அரிசிக்கு மாறவே முடியாதா?

முடியும். தூயமல்லி, கிச்சிலிச் சம்பாவில் தொடங்குங்கள். தினசரிச் சோற்றுக்கு ஒத்துவரும் சன்ன ரகங்கள் அவை. கவுனியை இரவே ஊறவைத்து, வெல்லம், தேங்காய்ப்பால் சேர்த்து இனிப்பாகச் செய்யுங்கள், குழந்தைகளும் சாப்பிடுவார்கள். ஆசைக்கு ஒரு கிலோ வாங்கி நிறுத்திவிடாமல், மாதம் ஐந்து கிலோ என்று விவசாயியிடம் சொல்லி வையுங்கள். காட்டுயானம் போன்ற ரகம் ஏறக்குறைய ஆறு மாதம் வயலில் நிற்கும். விதைக்கும்போதே வாங்க ஆள் இருக்கிறது என்று தெரிந்தால்தான் அவர் துணிந்து போடுவார். வாங்கும்போது, அறுவடை முடிந்து ஆறு மாதமாவது இருப்பு வைத்த நெல்லா என்று கேளுங்கள். புது அரிசி குழைந்துவிடும்.