பிரேக் மிதிச்சா இன்டிகேட்டர் எரியுது, பழைய பிக்கப்புக்கு வயரிங் முழுசா மாத்தணுமா?

மாத்த வேண்டாம் அண்ணாச்சி. 2006 மாடல் பிக்கப், பிரேக் மிதிச்சா இடதுபக்க இன்டிகேட்டரும் சேந்து லேசா எரியுது, ராத்திரில அந்தப் பக்கம் டெயில் லைட் மங்கல், நாலு நாள் நிறுத்திட்டா செல்ஃப் எடுக்கல, பேட்டரி புதுசு, கடைல மொத்த வயரிங்கும் போச்சுங்கறாங்கன்னு எழுதியிருக்கீங்க. இது ரெண்டு தனித்தனி கோளாறு, ரெண்டையும் சேத்து ஒரே பில்லா போடப் பாக்குறாங்க அவ்ளோதான்.

லைட் பிரச்சனை நூத்துக்கு தொண்ணூறு எர்த் (கரண்ட் பாடி வழியா பேட்டரிக்குத் திரும்பிப் போற இணைப்பு) தான். நான் தூத்துக்குடில உப்பு லோடு அடிக்கிற வண்டி வச்சிருக்கேன், மூட்டைல இருந்து வடியிற தண்ணி தொட்டிக்கு அடியில இறங்கி நேரா பின்னாடி லைட்டு எர்த் போல்ட்டுல தான் உக்காரும், அங்க பச்சையா பூத்துப் போயிரும். பிரேக் பல்பு 21 வாட், கிட்டத்தட்ட 1.75 ஆம்பியர் இழுக்கும், அந்த கரண்ட் எர்த் வழியா திரும்பிப் போகணும், வழி அடைச்சிருந்தா அதே லைட்டுக்குள்ள இருக்குற இன்டிகேட்டர் பல்பு வழியா ஏறி முன்பக்க இன்டிகேட்டர் போய் அங்க எர்த்த தேடிக்கும். அதான் சம்பந்தமில்லாதது எரியுது. வயர் கருகினதால இல்ல.

செக் பண்ண மீட்டர் கூட வேணாம். ஒரு முழ வயர் ரெண்டு முனையும் சீவி, ஒண்ண லைட்டோட எர்த் வயர்ல (பெரும்பாலும் கருப்பு), இன்னொண்ண சேசிஸ்ல பெயிண்ட் சுரண்டின இடத்துல அழுத்திப் பிடிங்க, ஒருத்தர பிரேக் மிதிக்கச் சொல்லுங்க. பளிச்சுன்னு எரிஞ்சு இன்டிகேட்டர் அணைஞ்சா முடிஞ்சது கதை. போல்ட்ட கழட்டி லக்கையும் (வயர் முனைல இருக்குற வளையம்) அடியில இருக்குற இரும்பையும் உப்புத்தாள் போட்டு வெள்ளையா தேச்சு, இறுக்கி, மேல கிரீஸ் தடவுங்க. நான் ரெண்டு பக்க லைட்டுக்கும் தனியா ஒரு எர்த் வயர் சேசிஸ்க்கு இழுத்துட்டேன், 1.5 ஸ்கொயர் எம்எம் தாராளம். ஹோல்டர் துருப்பிடிச்சிருந்தா அதையும் மாத்திருங்க, அத தேச்சு தேச்சு ஓட்டுறது வெட்டி வேலை.

இப்ப பேட்டரி. முதல்ல வண்டிய ஸ்டார்ட் பண்ணி டெர்மினல்ல மீட்டர் வைங்க, 13.8ல இருந்து 14.4 வோல்ட்டுக்குள்ள இருந்தா டைனமோ சார்ஜ் ஏத்துது. அப்புறம் ஆஃப் பண்ணி, சாவிய எடுத்து, நெகட்டிவ் டெர்மினல கழட்டுங்க (எப்பவும் நெகட்டிவ் தான் முதல்ல, பாசிட்டிவ்ல ஸ்பேனர் வச்சிருக்கும்போது பாடில பட்டா தீப்பொறி பறக்கும்). மீட்டர 10 ஆம்பியர்ல வச்சு அந்த வயருக்கும் பேட்டரிக்கும் நடுவுல போடுங்க. அந்த நேரத்துல செல்ஃப் மட்டும் அடிச்சிராதீங்க, கதவும் மூடியிருக்கணும், இல்லன்னா உள் லைட்டு கணக்க கெடுக்கும். 50 மில்லி ஆம்பியருக்குள்ள காட்டினா சரி. 300 காட்டினா ஒரு நாளைக்கு 7 ஆம்பியர்-அவர் போகுது, நாலு நாள்ல 29, உங்க பேட்டரில பாதி காலி, செல்ஃப் எப்படி எடுக்கும்?

ஒவ்வொரு ஃபியூஸா புடுங்குங்க, எத புடுங்கினா ரீடிங் இறங்குதோ அந்த லைன்ல திருடன் இருக்கான். இந்த மாதிரி வண்டில பாதி நேரம் வண்டி வாங்கினதுக்கு அப்புறம் மாட்டின பாட்டு செட்டோ ஜிபிஎஸ்ஸோ தான், சாவி லைன்ல குடுக்காம நேரா பேட்டரில குடுத்திருப்பாங்க. ஃபியூஸ திரும்பப் போடும்போது கலரப் பாத்துப் போடுங்க, சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20. ஃபியூஸுக்குப் பதிலா சிகரெட் பாக்கெட் வெள்ளித்தாள சுத்திப் போடுற ஆளுங்க இருக்காங்க, வயரிங் நெசமாவே எரியிறது அங்க தான்.

எல்லா ஃபியூஸும் புடுங்கியும் இறங்கலன்னா பேட்டரிய கழட்டிட்டு டைனமோவுக்குப் போற தடி வயர எடுத்து டேப் சுத்தி விட்டுட்டு திரும்ப மீட்டர் போடுங்க. இப்ப இறங்கிடுச்சுன்னா டையோடு (டைனமோவுக்குள்ள கரண்ட் திரும்பி வராம தடுக்குற பாகம்) லீக், அது மட்டும் கடை வேலை, டைனமோவ மட்டும் கழட்டிக் கொண்டு போய்க் குடுங்க.