பழச்சுவை இ-சிகரெட்டை அமெரிக்காவில் தடுத்தார்களே, அப்புறமும் கடையில் எப்படிக் கிடைத்தது?

தடையில் இருந்த ஓட்டைதான் காரணம். 2020 பிப்ரவரியில் எஃப்.டி.ஏ. (அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு) முதலில் கைவைத்தது ஜூல் என்ற பிராண்ட் மாதிரி கேட்ரிட்ஜ் (திரவம் அடைத்த குப்பி) மாட்டும் கருவிகளின் பழம், புதினா சுவைகள் மீதுதான். புதினா வகையிலேயே குளிர்ச்சி தரும் மெந்தால் சுவையை விட்டுவிட்டது, தீர்ந்ததும் தூக்கிப்போடும் டிஸ்போசபிள்களையும் விட்டுவிட்டது. சரி, பிள்ளைகள் எங்கே போவார்கள்? அங்கேதான் போனார்கள். டிஸ்போசபிள் ஹைலைட்டர் பேனா மாதிரி பளிச்சென்று இருக்கும், ஊதினால் தர்பூசணி மிட்டாய் வாசனை. உள்ளே பெரும்பாலும் நிகோடின் உப்பு. சாதாரண நிகோடின் அளவு கூடினால் தொண்டை காந்தும், பென்சாயிக் அமிலம் போன்றதைச் சேர்த்துச் செய்த இந்த உப்பு அவ்வளவாகக் காந்தாது, அதனால் எவ்வளவு உள்ளே போகிறது என்றே தெரியாது. கலிஃபோர்னியா செய்ததுதான் சரி என்பேன்: 2022-இல் இது பற்றி நடந்த மக்கள் வாக்கெடுப்புக்குப் பிறகு அங்கே கருவி எதுவானாலும் சுவையூட்டிய இ-சிகரெட்டைக் கடையில் விற்கக் கூடாது, மெந்தாலும் சேர்த்து.