கழுத்தில் நெட்டி முறித்தால் கவனம் வருமா?

கேள்வி: மெல்பர்னில் இருக்கிறோம். மகனுக்கு 8 வயது. வகுப்பில் ஐந்து நிமிடம் உட்கார மாட்டான், கணக்குப் பாதியில் எழுந்து போய்விடுவான், தண்ணீர் பாட்டிலை வாரம் ஒன்று தொலைப்பான். ஏ.டி.எச்.டி.யாக (கவனக்குறைவும் அதீதத் துறுதுறுப்பும்) இருக்கலாம், குழந்தை மருத்துவரைப் பாருங்கள் என்றார் ஆசிரியை. அப்பாயின்ட்மென்ட் ஏழு மாதம் கழித்துத்தான் கிடைத்தது. அதற்குள், முதுகெலும்பைக் கையால் அழுத்தித் திருப்பிச் சிகிச்சை செய்யும் ஒரு கைரோபிராக்டர், "முதுகெலும்பு விலகி நரம்பை அழுத்துகிறது, 24 முறை வந்தால் மாத்திரையே வேண்டாம்" என்கிறார். நான்கு முறை போனோம், கொஞ்சம் அடங்கினது போலத்தான் இருக்கிறது. மதுரையிலிருந்து மாமியார் வேறு, "நம்மூரில் குழந்தைக்கு உரம் எடுக்கிற மாதிரிதானே, செய்யுங்கள்" என்கிறார். தொடரலாமா?

பதில்: வேண்டாம். மீதி 20 முறைக்கும் பணம் கட்டிவிட்டீர்கள் என்றால் திருப்பிக் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள்.

அவர் சொன்ன "எலும்பு விலகி நரம்பை அழுத்துகிறது" என்ற கதை 1895-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், டேவன்போர்ட் என்ற ஊரில் தொடங்கியது. டி.டி. பால்மர் என்பவர் அதே கட்டடத்தில் துப்புரவு வேலை பார்த்த ஹார்வி லில்லர்டின் முதுகெலும்பை அழுத்தினார், அவருக்கு மந்தமாக இருந்த காது கேட்டுவிட்டது என்றார், கைரோபிராக்டிக் பிறந்தது. காதுக்கான நரம்பு மூளையிலிருந்து மண்டையோட்டுக்குள்ளேயே நேராகக் காதுக்குப் போய்விடுகிறது, முதுகெலும்புப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை என்பதை யாராவது அன்றைக்கே அவரிடம் சொல்லியிருக்கலாம். பிரிட்டனில் இந்தத் தொழிலைக் கட்டுப்படுத்தும் கவுன்சிலே 2010-இல், இப்படி எலும்பு விலகுவதுதான் நோய்க்குக் காரணம் என்பதற்கு மருத்துவச் சான்று இல்லை என்று சொல்லிவிட்டது. கழுத்தைத் திருப்பும்போது 'டக்' என்று கேட்கிறதே, அது எலும்பு இடத்தில் உட்காரும் சத்தம் இல்லை. மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் வாயு செய்கிற வேலை அது. நாம் விரலில் நெட்டி முறிக்கும்போது வருவதும் அதே சத்தம்தான்.

ஏ.டி.எச்.டி. நரம்பு நசுங்குவதால் வருவதும் இல்லை. கவனத்தையும் அவசரத்தையும் மூளை கட்டுப்படுத்தும் விதத்தில் உள்ள வித்தியாசம் அது, பெரும்பாலும் பரம்பரையாக வருவது. (உங்கள் வீட்டுக்காரரின் பள்ளிக்கூடக் கதைகளை மாமியாரிடம் ஒருநாள் கேட்டுப் பாருங்கள்.) கைரோபிராக்டிக் இதற்கு உதவுமா என்று 2010-இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பில், அந்தத் துறையைச் சேர்ந்தவர்களே தேடியும், தங்கள் தர அளவுகோலில் தேறிய ஆய்வு ஒன்றுகூட அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

அப்படியானால் பையன் ஏன் அடங்கினான்? நான்கு முறையும் அம்மா அவனைத் தனியாகக் காரில் கூட்டிப் போனாள், ஒரு பெரியவர் அவனிடம் பொறுமையாகப் பேசினார், அமைதியான அறையில் படுத்திருந்தான், வீட்டில் திட்டும் குறைந்திருக்கும். தவிர, இந்தக் குழந்தைகள் ஒரு வாரம் நன்றாக இருப்பார்கள், மறுவாரம் கூரை ஏறுவார்கள், நாம் சிகிச்சைக்கு ஓடுவது பெரும்பாலும் அந்த மோசமான வாரத்தில். உங்களுக்கே சந்தேகம் என்றால் ஆசிரியையிடம் எதுவும் சொல்லாமல், இந்த மாதம் எப்படி என்று மட்டும் கேளுங்கள்.

ஆபத்தைப் பற்றி மிகைப்படுத்த விரும்பவில்லை. 8 வயதுப் பையனுக்குப் பெரிய கேடு வருவது அபூர்வம். ஆனால் உங்கள் விக்டோரியா மாநிலத்திலேயே, இரண்டு வாரக் குழந்தைக்கு இதைச் செய்யும் வீடியோ பரவிய பிறகு, 2019-இல் ஒரு நிபுணர் குழு 12 வயதுக்குட்பட்டவர்களுக்கு முதுகெலும்பைக் கையாளக் கூடாது என்று பரிந்துரைத்தது. தீங்கு நடந்ததற்கான பதிவுகள் மிகக் குறைவு என்றும் அதே குழு சொன்னது, பலன் உண்டு என்பதற்கான சான்றும் மிகப் பலவீனமாக இருந்தது. பலனே இல்லாத இடத்தில் சிறிய ஆபத்தைக்கூட எதற்கு வாங்க வேண்டும்? மாமியாரின் உரமும் அப்படித்தான், கழுத்து நிற்காத பச்சைக் குழந்தையைத் துணியில் போட்டு உருட்டுவதை நான் எந்த ஊரிலும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

சரி, ஏழு மாதத்தில் என்ன செய்யலாம்? உங்கள் ஜி.பி.யிடம் (குடும்ப மருத்துவரிடம்) போய்க் காதையும் கண்ணையும் பரிசோதியுங்கள். இரவில் குறட்டை விடுகிறானா, வாயைத் திறந்து தூங்குகிறானா என்று பாருங்கள், தூக்கம் கெட்ட குழந்தை பகலில் ஏ.டி.எச்.டி. போலவே ஆடும். பேசிக்கொண்டிருக்கும்போதே சில நொடி வெறித்துப் பார்த்து நின்றுவிடுகிறானா? அது ஒரு வகை வலிப்பாக இருக்கலாம், உடனே சொல்லுங்கள். யாராவது அப்பாயின்ட்மென்ட்டை ரத்து செய்தால் எங்களைக் கூப்பிடுங்கள் என்று பெயர் கொடுத்து வையுங்கள். பள்ளியில் முன் வரிசையில் இடம் கேளுங்கள், ஒரு நேரத்தில் ஒரே ஒரு வேலை சொல்லுங்கள், வீட்டுப்பாடத்தைப் பத்துப் பத்து நிமிடமாக வெட்டுங்கள். பெற்றோருக்கான நடத்தைப் பயிற்சி வகுப்பு கிடைத்தால் அந்த 20 முறைக்கான பணம் அங்கே போகட்டும்.

கேள்வி: மாத்திரை என்றாலே பயமாக இருக்கிறது. பையன் பொம்மை மாதிரி ஆகிவிடுவானா?

பதில்: சரியான அளவில் ஆக மாட்டான். அப்படி ஆகிவிட்டால் அளவைக் குறைக்க வேண்டும் அல்லது மருந்தை மாற்ற வேண்டும். ஏ.டி.எச்.டி.க்குத் தரும் மெத்தில்பெனிடேட் என்ற மருந்து 1950-களிலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் 579 குழந்தைகளை 14 மாதம் பின்தொடர்ந்து 1999-இல் வெளியான ஆய்வில், கவனக்குறைவு போன்ற அறிகுறிகளைக் குறைப்பதில் கவனமாகக் கண்காணித்த மருந்து, நடத்தைப் பயிற்சியை மட்டும் தருவதைவிட நன்றாக வேலை செய்தது. பசி குறையும், தூக்கம் தள்ளிப்போகலாம், அதனால் எடை, உயரம், ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

கேள்வி: என் மகள் ஓடுவதும் இல்லை, ஆடுவதும் இல்லை. வகுப்பில் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கும் இது இருக்குமா?

பதில்: இருக்கலாம். கவனக்குறைவு மட்டும் உள்ள வகை ஒன்று உண்டு, பெண் பிள்ளைகளிடம் அது யார் கண்ணிலும் படாமல் போகிறது, ஏனென்றால் சத்தம் போடாத பிள்ளையைப் பற்றி யாரும் புகார் எழுதுவதில்லை. 12 வயதுக்கு முன்பே தொடங்கியதா, ஆறு மாதத்துக்கு மேல் இருக்கிறதா, பள்ளியில் மட்டுமா வீட்டிலுமா என்று குறித்து வைத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள். பள்ளியில் மட்டும் என்றால், முதலில் அங்கே யாராவது அவளைக் கேலி செய்கிறார்களா என்று விசாரியுங்கள்.