அணி சொன்னபடி வழிவிட்டால் தண்டனை உண்டா?

கேள்வி: என் மகன் சிப்பாங்கில் உள்நாட்டுக் கார் பந்தயங்களில் ஓட்டுகிறான். அவனுடைய அணிக்கு இரண்டு கார்கள். 'நாங்கள் சொன்னால் மற்றவனுக்கு வழிவிட வேண்டும்' என்கிறார் அணி மேலாளர். இது விதிமீறல், பெரிய அபராதம் விழும் என்கிறார் என் மைத்துனர். அவன் கேட்டால் தண்டனையா, கேட்காவிட்டால் தண்டனையா?
– செந்தூல் வாசகர், கோலாலம்பூர்

பதில்: உங்கள் மைத்துனர் சொல்வது ஃபார்முலா 1-இல் ஒரு காலத்தில் உண்மையாக இருந்தது. 2002 ஆஸ்திரியப் பந்தயத்தின் கடைசி நேரத்தில் பாரிக்கெல்லோ, ஃபெராரியின் உத்தரவுப்படி ஷூமேக்கருக்கு வெற்றியை விட்டுக்கொடுத்தார். அப்போது விதித்த 10 லட்சம் டாலர் அபராதம்கூட வழிவிட்டதற்காக அல்ல, பரிசு மேடையில் இருவரும் இடம் மாறி நின்றதற்காக. 2003-இல்தான் அணி உத்தரவுகளுக்குத் தடை வந்தது. 2010-இல் ஜெர்மனியில் மாஸா அலோன்சோவுக்கு வழிவிட்டதற்கு ஃபெராரி 1 லட்சம் டாலர் கட்டியது, முடிவு மாறவில்லை. மறைமுகமாகச் சொல்லும் உத்தரவை நிரூபிப்பது கடினம் என்பதால் 2011-இல் தடையையே நீக்கினார்கள்.

மீறினால்? 2013-இல் சிப்பாங்கிலேயே வெட்டல் அணியின் சொல்லைத் தட்டி, தன் அணியின் மற்ற ஓட்டுநரான வெப்பரை முந்தி வென்றார். நடுவர்கள் ஒரு புள்ளியும் குறைக்கவில்லை. கீழ்ப்படியாமை அணிக்கும் ஓட்டுநருக்கும் இடையிலான விவகாரம். அதற்கான விளைவு ஒப்பந்தத்தில்தான் இருக்கும். மகன் கையெழுத்திட்ட தாளை எடுத்துப் படியுங்கள். அடுத்த பந்தயத்தில் இடம் மறுக்கலாமா, கட்டிய பணம் திரும்புமா என்பதை இப்போதே மேலாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

நான் உண்மையில் அஞ்சுவது வேறொன்றுக்கு. 2009-இல் மெல்போர்னில் பாதுகாப்பு காருக்குப் பின்னால் (விபத்து நேரத்தில் எல்லாரையும் மெதுவாக நடத்திச் செல்லும் கார், அப்போது முந்தக்கூடாது) ஓடியபோது, ட்ரூலியை முன்னே விடும்படி ஹாமில்டனுக்கு மெக்லாரன் சொன்னது. அவரும் விட்டார். அதில் குற்றமே இல்லை. ஆனால் விசாரணையில், அப்படி யாரும் சொல்லவில்லை என்ற தோற்றத்தை ஹாமில்டனும் அணித் தரப்பும் ஏற்படுத்தினார்கள். முறையற்று முந்தியதாக ட்ரூலி தண்டிக்கப்பட்டார். சில நாட்களில், அணியும் ஹாமில்டனும் வானொலியில் பேசிக்கொண்டதன் பதிவு வெளிவந்தது. நடுவர்கள் சிப்பாங்கில் மீண்டும் கூடி ஹாமில்டனைத் தகுதிநீக்கம் செய்தார்கள். ட்ரூலிக்கு மூன்றாமிடம் திரும்பியது. பிறகு அணிக்கு மூன்று பந்தயத் தடை, உடனே அமலாகாதபடி நிறுத்திவைக்கப்பட்ட நிலையில் விதிக்கப்பட்டது. இளம் ஓட்டுநருக்கு இதைவிடப் பெரிய பாடம் எனக்குத் தெரியவில்லை. நடுவர் கேட்டால் 'அணி சொன்னது, விட்டேன்' என்று அவன் நேராகச் சொல்லட்டும். மேலாளர் வேறு கதை சொல்லச் சொன்னால், அந்த உத்தரவுக்கு மட்டும் கட்டாயம் பணியக்கூடாது.

ஆபத்தான உத்தரவும் அப்படியே. 2008 சிங்கப்பூரில் ரெனோ அணிக்காகப் பிக்கே வேண்டுமென்றே சுவரில் மோதியது மறு ஆண்டு அம்பலமானபோது, அணிக்கு நிறுத்திவைக்கப்பட்ட தகுதிநீக்கம் கிடைத்தது. வழிவிடுவதென்றால் நேர்ப்பாதையில், பின்னால் வருபவர்கள் ஊகிக்கக்கூடிய விதத்தில் விட வேண்டும். வளைவுக்கு நடுவே திடீரென வேகத்தைக் குறைத்தால், அது அணி உத்தரவாக இருந்தாலும் ஆபத்தான ஓட்டம் என்றே பார்க்கப்படும்.

கடைசியாக, ஃபார்முலா 1-இல் தடை இல்லை என்பதால் உங்கள் மகனின் தொடரிலும் இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். ஒவ்வொரு தொடருக்கும் தனி விதிகள், ஒவ்வொரு பந்தயத்துக்கும் துணை விதிகள் உண்டு. அமைப்பாளரிடம் இரண்டையும் கேட்டு வாங்குங்கள். சந்தேகம் இருந்தால் ஓட்டுநர் கூட்டத்திலேயே மகன் எழுந்து கேட்கலாம். மேல்முறையீட்டுக்கான கால வரம்பையும் குறித்துக்கொள்ளுங்கள். அது பெரும்பாலும் நாட்கணக்கில் இராது, முடிவு வந்த சிறிது நேரத்திலேயே முடிந்துவிடும்.