ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபியா, 4060 8 ஜிபியா: எதை வாங்கலாம்?

கொழும்பு பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவின் கணினிக் கடைகளில் என்விடியாவின் இந்த இரண்டு கிராஃபிக்ஸ் கார்டுகளுக்கும் விலை கேட்டுவிட்டு, எதை எடுப்பது என்று குழம்பியிருக்கிறீர்கள். நினைவகத்தில் "12 பெரிதா, 8 பெரிதா" என்று மட்டும் பார்த்தால் குழப்பம் தீராது.

3060 வந்தது 2021இல், 4060 வந்தது 2023இல். கணக்குப் போடும் கோர்களின் எண்ணிக்கையில் பழையதுதான் முன்னால்: 3060இல் 3584, 4060இல் 3072. ஆனால் புதியதன் பூஸ்ட் வேகம், அதாவது சுமை வரும்போது எட்டும் வேகம், 2460 மெகாஹெர்ட்ஸ், பழையதற்கு 1777தான். அதனால் 1080பி கேம்களில் 4060 ஏறக்குறைய 20 சதவீதம் முந்துகிறது. ஏஐ மூலம் இடையிடையே கூடுதல் ஃபிரேம்களை உருவாக்கிக் கேமைச் சீராகக் காட்டும் டிஎல்எஸ்எஸ் 3இன் ஃபிரேம் ஜெனரேஷனும் இந்த இரண்டில் 4060இல் மட்டும்தான்.

நினைவகத்தில் கதை மாறுகிறது. நினைவகத்துக்குத் தரவு போய்வரும் பாதை 3060இல் 192 பிட், நொடிக்கு 360 ஜிபி. 4060இல் 128 பிட், நொடிக்கு 272 ஜிபி. இந்தக் குறையை ஈடுகட்ட 4060இல் 24 எம்பி எல்2 கேஷ் (சிப்புக்குள்ளேயே இருக்கும் சிறிய, வேகமான நினைவகம்) வைத்தார்கள். கேமில் அது கைகொடுக்கும். ஆனால் கேமில் டெக்ஸ்சர்களை (பொருட்களின் மேற்பரப்புப் படங்களை) உச்சத்தில் வைத்தாலோ, பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் பெரிய காட்சியை ஏற்றினாலோ, கணினியிலேயே ஏஐ மாடல் ஓட்டினாலோ 8 ஜிபி சட்டென்று நிரம்பிவிடும். அங்கே கேஷ் எதுவும் செய்யாது.

மின்சாரம்: 3060க்கு 170 வாட்ஸ், 4060க்கு 115 வாட்ஸ்தான். கொழும்பு வெக்கையில், ஏசி இல்லாத அறையில் இது சின்ன விஷயமில்லை!

அப்புறம், உங்கள் மதர்போர்டில் கார்டைச் செருகும் பிசிஐஇ இணைப்பு பழைய 3.0 தலைமுறை என்றால் கவனம். 4060 அதில் எட்டு லேன்களை (தரவுத் தடங்களை) மட்டுமே பயன்படுத்துவதால் கொஞ்சம் வேகம் குறையலாம்.

கேம் மட்டும் என்றால் 4060. ரெண்டரிங், ஏஐ என்றால் நான் 3060ஐத்தான் எடுப்பேன். பழைய கார்டாகக் கிடைத்தால் கடையிலேயே அரை மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்துவிட்டு காசு கொடுங்கள்.